நிர்வாகம் இல்லாத நிர்வாக ஸ்விட்சு

டெலிபோன் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த இரட்டைச் செம்புக் கம்பி பேச்சை மட்டும் சுமந்து வரவில்லை. பேசும் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அக்கம்பியே கொண்டுவந்தது. நிலையத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த 48 வோல்ட் பாட்டரித் தொகுதியே ஊரிலுள்ள டெலிபோன்கள் அனைத்திற்கும் உயிரளித்தது. ஊர் முழுவதும் விளக்கணைந்து கிடந்த இரவிலும் மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் பேச முடிந்ததற்கு இவ்வேற்பாடே காரணம். கணிப்பொறி வலையமைப்பின் வழியே பேசும் புதிய டெலிபோன்கள் வந்தபோது இவ்வசதி சில காலம் மறைந்திருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு பிளக்கும் ஒரு சிறு அடாப்டரும் வேண்டியதாயிற்று. மின்சாரம் நின்றால் பேச்சும் நின்றது. 2003ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் 802.3ஏஎஃப் என்ற தர விதியை வெளியிட்டு, ஈதர்நெட் கம்பியிலேயே செய்தியோடு மின்சாரத்தையும் அனுப்பும் முறையை வரையறுத்த பின்னர் பழைய வசதி படிப்படியாகத் திரும்பக் கிடைத்தது.

இம்முறையில் மின்சாரத்தை ஊட்டும் பெட்டிக்கும் ஸ்விட்சு என்றே பெயர். விளக்கைப் போடும் ஸ்விட்சுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. ஒரு போர்ட்டில் வந்த செய்தி எந்தக் கருவிக்கு உரியது என்பதை முகவரியைக் கொண்டு அறிந்து, அக்கருவி இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவது இதன் வேலை. இவற்றில் இரு வகை உண்டு. பிளக்கில் செருகியவுடன் தன் போக்கில் இயங்குவதும், அதற்கு மேல் எவர் சொல்லையும் கேளாததும் ஒரு வகை. ஒவ்வொரு போர்ட்டும் என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது, எவ்வளவு மின்சாரம் பெறலாம் என்று நாம் கட்டளையிடக் கூடியது மற்றொரு வகை. பின்னதை நிர்வகிக்கத் தக்க ஸ்விட்சு என்பர். நமது அரசாங்க ஆய்வுக்கூடங்களும், மருத்துவமனைகளும், கல்லூரிகளும் டெண்டர் கோரும்பொழுது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையையே கேட்கின்றன. கேட்பது முறையே. ஆனால் ‘நிர்வகிக்கத் தக்கது’ என்ற சொல் பெட்டியின் தகுதியைக் குறிக்கிறதே அன்றி, அது நிர்வகிக்கப்படுகிறது என்பதைக் குறிப்பதில்லை. விலை கொடுத்துத் தகுதியை வாங்கிவிட்டு, நிர்வாகத்தை வாங்காமல் விட்டுவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். இதனால் நேரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

மின்சாரத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் இப்பெட்டியை அமைப்பவர் பெரும்பாலும் செய்திப் போக்குவரத்தில் பயிற்சி பெற்றவராயிருக்கிறார். வாட் கணக்கைப் பார்ப்பது தம் வேலை என்று அவர் எண்ணுவதில்லை. மின் பிரிவைச் சேர்ந்தவரோ, இது கணிப்பொறிக்காரரின் பெட்டி என்று ஒதுங்கிக்கொள்கிறார். இருவருக்கும் நடுவே கணக்கு போடப்படாமலே போகிறது.

ஸ்விட்சு மின்சாரத்தைக் கண்மூடித்தனமாக ஊட்டுவதில்லை. கம்பியின் மறுமுனையில் கருவி ஒன்று செருகப்பட்டதும், 10 வோல்ட்டுக்கு உட்பட்ட சிறிய அழுத்தத்தை முதலில் செலுத்தி, அங்கே ஏறத்தாழ 25,000 ஓம் மின் தடை தென்படுகிறதா என்று சோதிக்கிறது. அத்தடையே, ‘நான் இக்கம்பியில் மின்சாரம் பெறத் தக்க கருவி’ என்று மறுமுனை தரும் அடையாளம். அடையாளம் கிடைத்த பின் அழுத்தத்தைச் சற்றே உயர்த்தி, எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று வகுப்பு வாரியாகக் கேட்டு அறிகிறது. அதன் பிறகே 48 வோல்ட்டை ஒட்டிய முழு அழுத்தம் செலுத்தப்படும். கருவியைப் பிடுங்கினால், மின்னோட்டம் சில மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்குவதைக் கண்டு அரை வினாடிக்குள் ஊட்டத்தை நிறுத்திவிடும். சாதாரணக் கணிப்பொறியைத் தவறுதலாக அதே போர்ட்டில் செருகினாலும் அதற்குத் தீங்கு நேராதது இந்தக் கேள்வி பதிலின் பயனே. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில ஊட்டிகள் இச்சோதனை எதையும் செய்யாமல் 24 வோல்ட்டையோ 48 வோல்ட்டையோ எந்நேரமும் கம்பியில் ஏற்றி வைக்கின்றன. இவற்றைத் தர விதிக்கு உட்பட்ட கருவிகளோடு கலந்து வாங்கும் நிலையங்கள் தம் கருவிகளைத் தாமே எரித்துக்கொள்ளும் வழியைத் தேடுகின்றன.

2003ஆம் ஆண்டின் விதிப்படி ஸ்விட்சு ஒரு போர்ட்டில் தருவது 15.4 வாட், கருவிக்குக் கிடைக்கும் என்று உறுதி கூறப்படுவது 12.95 வாட். இடையிலுள்ள 2.45 வாட் எங்கே போயிற்று என்பதை எந்தப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். மின்னோட்டம் 0.35 ஆம்பியர், 100 மீட்டர் நீளக் கம்பியின் போக்குவரத்துத் தடை அதிகபட்சமாக 20 ஓம் என்று கொள்ளப்பட்டது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 2.45 வாட் வருகிறது. அது முழுவதும் கம்பியில் வெப்பமாகிவிடுகிறது. 2009இல் வந்த 802.3ஏடீ விதியில் 30 வாட் தந்தால் 25.5 வாட் கிடைக்கும். 2018இல் வந்த 802.3பீடீ விதி நான்கு இரட்டைகளையும் பயன்படுத்தி ஒரு போர்ட்டில் 90 வாட் வரை தர இடம் கொடுக்கிறது. கம்பியின் தடையே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது இதனால் விளங்கும். ஆகவே செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பியைச் செம்புக் கம்பி என்று விற்பவர்கள் இத்துறையில் செய்யும் கேடு சிறியதன்று. அலுமினியத்தின் தடை செம்பினுடையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்டது. செய்தி மட்டும் போகும்போது இக்குறை வெளியே தெரியாமல் இருக்கலாம். மின்சாரமும் சேர்ந்து போகும்போது, தொலைவிலுள்ள கருவி இரவில் மட்டும் தானாக அணைந்து அணைந்து எரியும். ஐம்பது கம்பிகளை ஒன்றாகக் கட்டிய கற்றையின் நடுக்கம்பிகள் சூடேறும். கம்பி கட்டடத்தின் சுவருக்குள் புதைந்த பின் இதைக் கண்டறிவதைக் காட்டிலும், வந்திறங்கிய நாளில் ஒரு துண்டை நறுக்கிச் சுரண்டிப் பார்ப்பது எளிது. உள்ளே வெள்ளை தெரிந்தால் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அடுத்தது பங்கீடு. 24 போர்ட்டு கொண்ட ஸ்விட்சு ஒன்று எல்லாப் போர்ட்டுகளுக்கும் சேர்த்து 370 வாட் தர வல்லது என்று விவரத்தாளில் எழுதியிருப்பதைக் காணலாம். இது 24 போர்ட்டுகளை 15.4 வாட்டால் பெருக்கி வந்த எண். போர்ட்டு ஒன்றுக்கு 30 வாட் என்பதும் அதே தாளில் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் உண்மையே, ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக மாட்டா. 30 வாட் வீதம் கேட்டால் பன்னிரண்டு கருவிகளோடு கஜானா காலியாகிவிடும்.

ஓர் ஆய்வு நிறுவனத்தின் மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 வாட் வகுப்பைச் சேர்ந்த எட்டு வைஃபை கருவிகள், 7 வாட் வகுப்பைச் சேர்ந்த பத்து டெலிபோன்கள், தம் வகுப்பைச் சொல்லாத ஆறு காமிராக்கள், ஆக 24 கருவிகள் அங்கே உள்ளன எனக் கொள்வோம். வகுப்பைச் சொல்லாத கருவிக்கு ஸ்விட்சு 15.4 வாட்டை ஒதுக்கி வைக்கும். கூட்டினால் 240, 70, 92.4, மொத்தம் 402.4 வாட். பெட்டியிடம் இருப்பதோ 370. மூன்று காமிராக்களுக்குக் கொடுத்த பின் மீதி மூன்றுக்கு இடமில்லை. இத்தனைக்கும், வைஃபை கருவி ஒன்று உண்மையில் 14 வாட்டும், டெலிபோன் 4 வாட்டும், காமிரா 6 வாட்டும் உண்பதாக வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 188 வாட்டே. பாதிச் சோறு பானையில் இருக்கையிலேயே மூவர் பட்டினி கிடக்கின்றனர். ஒதுக்கீட்டை வகுப்பின்படி செய்யாமல் உண்மைச் செலவின்படி செய்யுமாறு கட்டளையிடுவது, எல்.எல்.டி.பி. என்னும் முறையால் கருவியே தன் தேவையை வாட்டில் பத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் சொல்லச் செய்வது, ஒவ்வொரு போர்ட்டுக்கும் உச்ச வரம்பு விதிப்பது ஆகிய வழிகள் பெரும்பாலான நிர்வாக ஸ்விட்சுகளில் உள்ளன. எவரேனும் உட்கார்ந்து அவற்றை எழுத வேண்டும். எழுதுபவர் பகலில் மட்டும் அளந்துவிட்டுப் போய்விடலாகாது. இரவில் அகச்சிவப்பு விளக்கை ஏற்றும் காமிரா பகலைக் காட்டிலும் கணிசமாக அதிக மின்சாரம் உண்ணும்.

பங்கீடு பற்றாதபோது யாருக்கு முதலிடம் என்ற கேள்விக்கு வருவோம். போர்ட்டுகளுக்கு உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த முன்னுரிமை என்று தரம் பிரிக்கும் வசதி இப்பெட்டிகளில் உண்டு. ஆலையிலிருந்து வரும்பொழுது எல்லாப் போர்ட்டும் ஒரே தரத்தில் இருக்கும். அந்நிலையில் பல மாதிரிகள் எண் குறைந்த போர்ட்டுக்கு முதலில் கொடுக்கின்றன. மருத்துவமனை ஒன்றில் முதற் போர்ட்டில் வரவேற்பு மண்டபத்தின் விளம்பரத் திரையும், இருபத்து நான்காம் போர்ட்டில் அவசரச் சிகிச்சைப் பிரிவின் டெலிபோனும் செருகப்பட்டிருக்குமானால், பற்றாக்குறை நேரும் நாளில் எது அணையும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கம்பி இழுத்த தொழிலாளி எந்த வரிசையில் செருகினாரோ அதுவே அந்நிலையத்தின் கொள்கையாகிவிடுகிறது. எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பது மருத்துவமனைக் கண்காணிப்பாளரோ ஆய்வுக்கூட இயக்குநரோ கையெழுத்திட்டுத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அத்தீர்மானத்தை ஸ்விட்சில் பதிவது பொறியாளரின் வேலை. தீர்மானிப்பது அவர் வேலையன்று.

யூ.பி.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்விட்சுக்கு மின்சாரம் நின்றால் இப்போது 24 கருவிகளும் ஒருங்கே நிற்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஒன்றில் காகிதக் கணக்குப்படி இருப்பது 84 வாட்-மணி. 200 வாட் சுமைக்கு அது 25 நிமிடம் வர வேண்டும். இவ்வளவு வேகமாக உறிஞ்சும்பொழுது ஈய-அமிலப் பாட்டரி தன் முழுச் சரக்கையும் தருவதில்லையாதலால் அவ்வளவும் வருவதில்லை. மேசைக் கணிப்பொறிக்கென்று வாங்கிய யூ.பி.எஸ். ஒன்றை எடுத்து ராக்கின் அடியில் வைத்துவிட்டு, டெலிபோன் மின்வெட்டிலும் பேசும் என்று நம்புவது நியாயமில்லை. ராக்கைப் பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள், விசிறியின்றி, நமது மே மாத வெப்பத்தில் வைப்பதும் இத்தகையதே. மின்தேக்கிகளின் ஆயுள் 10 பாகை வெப்பம் கூடுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. அன்றியும், வெளி மைதானத்துக் கம்பத்திலுள்ள காமிராவுக்குச் செம்புக் கம்பியை நேரே இழுப்பவர்கள், இடி மின்னலுக்கு ராக்கினுள் வரப் பாதை போட்டுத் தருகிறார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழையும், கம்பத்தடியில் மின்னெழுச்சித் தடுப்பும், முறையான நிலத் தொடர்பும் வேண்டும்.

இனிச் செய்திப் பக்கம். இங்கே நிலைமை இன்னும் கவலைக்குரியது.

புதிய ஸ்விட்சு ஒன்றை அமைக்கும் முறை பழகியவர்க்குக் கடினமானதன்று. கன்சோல் என்னும் தனிக் கம்பியால் கணிப்பொறியை இணைத்து, பல மாதிரிகளில் வினாடிக்கு 9600 பிட்டு வேகத்தில் பேசி, முதலில் ஆலைக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பிறகு நிர்வாகத்துக்கென்று தனி ஐ.பி. முகவரி தர வேண்டும். தட்டெழுதியதை மறைக்காமல் அப்படியே அனுப்பும் டெல்நெட்டை மூடி, மறைபொருளாக அனுப்பும் எஸ்.எஸ்.எச்.சைத் திறக்க வேண்டும். கண்காணிப்புக்கான எஸ்.என்.எம்.பி. முறையில், ‘பப்ளிக்’ என்ற சொல்லை அறிந்த எவருக்கும் கதவு திறக்கும் பழைய பதிப்புகளை நிறுத்தி, மூன்றாம் பதிப்பை வைக்க வேண்டும். நமது நிலையங்கள் பலவற்றில் இவற்றில் முதற் படியே நடப்பதில்லை. ஆலையார் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் அப்பெட்டியின் விளக்கப் புத்தகத்தில் அச்சாகி உலகெங்கும் கிடைக்கின்றன. இத்தகைய அலட்சியத்தின் விளைவை 2016ஆம் ஆண்டில் உலகம் கண்டது. மிராய் என்ற தீய மென்பொருள், ஏறத்தாழ அறுபது ஆலைக் கடவுச்சொற்களை மட்டும் வரிசையாக முயன்று பார்த்தே காமிராக்களையும் பதிவுக் கருவிகளையும் ஏராளமாகக் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது தாக்குதல் நடந்தபோது, பெரிய இணையத் தளங்கள் பல மணிக்கணக்கில் கிட்டாமற் போயின. அங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை. திறந்திருந்த கதவுகளின் வழியே நடந்து போனார்கள்.

காமிரா முதலிய கருவிகளை நாம் நம்ப முடியாவிட்டால், அவற்றைத் தனியே ஒதுக்கி வைக்கும் பொறுப்பு ஸ்விட்சினுடையது. வி-லான் என்னும் முறை அதற்காகவே ஏற்பட்டது. ஒரே பெட்டியை, ஒன்றையொன்று காண முடியாத பல பெட்டிகளாக எண்ணத்தால் பிரிப்பது இது. 12 பிட்டு எண்ணால் குறிக்கப்படுவதால் 4094 பிரிவுகள் வரை அமைக்கலாம். ஒரு சாதாரண நிறுவனத்துக்கு ஐந்தாறு போதும். காமிராக்கள் ஒன்றில், டெலிபோன்கள் ஒன்றில், ஆய்வுக் கருவிகள் ஒன்றில், விருந்தினர் வைஃபை ஒன்றில், ஸ்விட்சுகளின் நிர்வாகம் தனியே ஒன்றில். ஆலையிலிருந்து வரும்பொழுது எல்லாப் போர்ட்டும் முதலாம் எண் வி-லானில் கூடிக் கிடக்கும். அப்படியே விட்டுவிட்டால், சுற்றுச் சுவரில் கைக்கெட்டும் உயரத்திலுள்ள காமிராவைப் பிடுங்கிவிட்டுத் தன் மடிக்கணினியைச் செருகும் ஒருவன், இயக்குநரின் அறையிலிருக்கும் கணிப்பொறியோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்தவனாகிறான். 2010இல் தொடங்கப்பெற்ற தேசிய அறிவு வலையமைப்பில் நமது ஆய்வு நிறுவனங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு வீட்டின் பின்கதவு தெருவுக்கே பொதுவாகிவிட்ட காலம் இது.

டெலிபோனால் வரும் இன்னொரு சங்கடம் வேடிக்கையானது, அனுபவித்தவர்க்கு வேடிக்கையாயிராது. மேசை டெலிபோனின் அடியில் இரண்டு துளைகள் உண்டு: ஒன்று சுவருக்கு, மற்றொன்று மேசைக் கணிப்பொறிக்கு. மேசையை இடம் மாற்றும்போது எவரேனும் நல்லெண்ணத்துடன் இரண்டையும் சுவரிலேயே செருகிவிட்டால் வலையமைப்பில் ஒரு வட்டம் உண்டாகிறது. ஈதர்நெட் செய்திக்கு இத்தனை முறைதான் கைமாறலாம் என்ற வரம்பு கிடையாது. ஆகவே எல்லோருக்குமென்று அனுப்பப்பட்ட செய்தி அவ்வட்டத்தில் ஓயாமல் சுற்றிப் பெருகி, சில வினாடிகளில் மாடி முழுவதையும் முடக்கிவிடும். இதைத் தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் அம்மையார் 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணிபுரிகையில் கண்டுபிடித்தார். வட்டத்தை உண்டாக்கும் இணைப்பைத் தானே கண்டு அடைத்து, வலையை மர வடிவமாக்கும் அம்முறை நிர்வாக ஸ்விட்சு ஒவ்வொன்றிலும் இருக்கிறது. அது இயங்குகிறதா, மேசைப் போர்ட்டுகளில் அதற்குரிய காவல் போடப்பட்டிருக்கிறதா என்பதை ஒருவர் பார்த்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்திற்காகவே விலை கூடிய பெட்டியை வாங்கியிருக்கலாம். அதை இயக்காமல் வைத்திருப்பதற்கு என்ன சமாதானம் சொல்வது?

கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். பல ஸ்விட்சுகள் மின்சாரம் போய் வந்தவுடன் ஆலை நாளுக்குத் திரும்பிவிடும். திருட்டோ ஊடுருவலோ நடந்த பின் பதிவேட்டைப் புரட்டினால், நிகழ்ச்சி பல்லாண்டுக்கு முந்தைய தேதியில் நடந்ததாக எழுதியிருக்கும். நமது நாட்டில் இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் அன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணைப்படி, கணினி அமைப்புகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரச் சேவையோடு, அல்லது அவற்றை ஆதாரமாகக் கொண்ட சேவையோடு இசைந்திருக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். ஸ்விட்சின் நினைவிலுள்ள பதிவேடு சிறியது, மின்வெட்டில் அழிவது. அதை வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பி வைக்குமாறு எழுதாவிட்டால் 180 நாட்கள் என்பது காகிதத்தோடு நிற்கும். இந்திய நேரத்தைக் காக்கும் ஆய்வுக்கூடம் நம்முடையதாயிருக்க, நமது நிலையங்களின் பெட்டிகள் தேதி தெரியாமல் இயங்குவது அழகன்று.

எல்லாவற்றையும் எழுதிவிட்டுச் சேமிக்காமற் போவது தனிக் கதை. பல மாதிரிகளில் நாம் இடும் கட்டளை உடனே நடைமுறைக்கு வந்துவிடும். ஆனால் நிலையான நினைவில் பதியுமாறு தனியே ஒரு கட்டளை தந்தாலன்றி, அடுத்த மின்வெட்டில் அத்தனையும் மறைந்துவிடும். இக்கட்டுரையாளர் பார்த்த நிறுவனம் ஒன்றில், ஒப்பந்தக்காரர் செவ்வனே அமைத்துக் கொடுத்த பெட்டி பதினோரு மாதம் குறையின்றி இயங்கியது. பராமரிப்புக்காக ஒரு ஞாயிறன்று மின்சாரம் நிறுத்தப்பட்டது. திங்களன்று பெட்டி பிறந்த மேனியாக எழுந்தது. காமிராக்களும் டெலிபோன்களும் ஒரே கும்பலில் கலந்தன. ஒப்பந்தக்காரரைத் தேடினால் அவர் வேறு மாநிலத்தில் வேறு வேலையில் இருந்தார். என்ன அமைத்திருந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. அமைவு பத்திரமாக இருக்கும். கடவுச்சொல் மட்டும் ஒப்பந்தக்காரரின் தலைக்குள் இருக்கும். பெட்டியின் முன்புறப் பொத்தானை அழுத்திக் கடவுச்சொல்லை அழிக்கலாம்; பல மாதிரிகளில் அமைவும் அதனோடு அழிந்து போகும். தன் பணத்தில் வாங்கிய பூட்டுக்குத் திறவுகோலைக் கேட்டு வாங்காத நிறுவனத்தை என்னென்பது!

இவ்வளவு தொல்லை எதற்கு, நிர்வாக வசதி அற்ற சாதாரணப் பெட்டியே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கூற்றை முற்றிலும் தள்ளுவதற்கில்லை. நான்கு டெலிபோன்களும் ஒரு வைஃபை கருவியும் உள்ள கிளை அலுவலகத்துக்கு அதுவே ஏற்றது. அங்கே பெரிய பெட்டியை வாங்கிப் புகுத்துவது வீண். மேலும் சொல்லப் போனால், கடவுச்சொல் மாற்றப்படாத நிர்வாக ஸ்விட்சு, நிர்வாக வசதியே இல்லாத ஸ்விட்சைக் காட்டிலும் அபாயமானது. பின்னது எவர் கட்டளைக்கும் பணியாது; முன்னது முதலில் வந்து கேட்பவன் எவனாயினும் அவனுக்குப் பணியும். ஆனால் இருபது, முப்பது கருவிகள் உள்ள இடத்தில் நிர்வாகம் தரும் நன்மையை விட்டுவிட முடியாது. பத்து மீட்டர் உயரக் கம்பத்தில் உறைந்து நின்றுவிட்ட காமிராவுக்கு ஏணி தேடாமல், இருக்கையிலிருந்தே அதன் போர்ட்டின் மின்னூட்டத்தை நிறுத்தித் திரும்பத் தந்து எழுப்புவதே போதும், இதன் அருமையை உணர்வதற்கு.

நிறுவனங்களில் பணிபுரிவோரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. குறை டெண்டரிலேயே தொடங்குகிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், வாங்குவோர் தம் தேவையைத் தெளிவாக வரையறுக்குமாறு சொல்கின்றன. நாமோ போர்ட்டு எண்ணிக்கை, வேகம், வாட், உத்தரவாத ஆண்டுகள் ஆகிய பெட்டியின் குணங்களை வரையறுத்துவிட்டு, ‘நிறுவுதலும் இயக்கிக் காட்டலும் உட்பட’ என்று ஒரே வரியில் வேலையை முடித்துவிடுகிறோம். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போகும் என்றிருக்கையில், அந்த ஒரு வரிக்குள் அவர் எத்தனை மணி நேர உழைப்பை வைத்திருக்க முடியும்? ராக்கில் திருகாணி முடுக்கி, விளக்குகள் பச்சையாக மின்னுவதைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு வேண்டிய நேரத்தையே அவர் வைத்திருப்பார். அவர்மேல் பிழையில்லை. விளக்கு எரிவதையே நாம் சோதனையாக வைத்தோம். அவரும் விளக்கை எரித்துக் காட்டினார்.

ஆகவே அமைக்கும் வேலைக்கு டெண்டரில் தனி வரியும் தனி விலையும் வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கோரிக்கை. அவ்வேலை முடிந்தது என்று ஏற்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். எல்லாக் கருவிகளையும் செருகி, இரவில் ஒரு முறை மொத்த வாட்டை வாசிக்க வேண்டும். கட்டடத்தின் மின்சாரத்தை மெய்யாகவே நிறுத்தி, அவசர டெலிபோன் எத்தனை நிமிடம் பேசுகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். மின்சாரம் திரும்பிய பின் எல்லாக் கருவியும் தத்தம் வி-லானிலேயே எழுகின்றனவா என்று பார்த்தால், அமைவு சேமிக்கப்பட்டதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரு டெலிபோனின் இரு துளைகளையும் வேண்டுமென்றே சுவரில் செருகிப் பார்க்க வேண்டும். காமிராப் போர்ட்டில் ஒரு மடிக்கணினியைச் செருகி, அது எதைக் காண முடிகிறது என்று பார்க்க வேண்டும். இறுதித் தவணைப் பணம் இவற்றுக்குப் பிறகே.

பணம் பெறுமுன் ஒப்பந்தக்காரர் ஒப்படைக்க வேண்டியவை மூன்று: சேமித்த அமைவின் பிரதி, எந்தப் போர்ட்டில் எந்த அறையின் எந்தக் கருவி, என்ன முன்னுரிமை என்ற அட்டவணை, உறையிலிட்டு முத்திரை வைத்த கடவுச்சொல். உறை பிரிக்கப்பட்டவுடன் நிறுவனத்தார் அக்கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். அட்டவணையின் ஒரு பிரதி ராக்கின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டப்பட வேண்டும். 24 போர்ட்டுப் பெட்டி ஒன்றுக்கு இவையனைத்தையும் பழகிய ஒருவர் இரண்டு வேலை நாட்களில் முடித்துவிடலாம். மின்வெட்டுச் சோதனைக்கு மட்டும் ஓர் இரவு முன்னறிவிப்புக் கொடுத்துக் கொள்ளட்டும்.